மழைக்காலத்தில் காவலூர் போகலாமா? அல்சூர் சகோதரியின் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. அல்சூரில் இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார், அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, வருகிற சனிக்கிழமை காவலூர் வானாய்வகத்துக்குப் போகக் கார் பேசிவிட்டோம். ஏழாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், மாமியார், நாங்கள் இரண்டு பேர். ஆனால் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்கிறார்கள். போகலாமா, விட்டுவிடலாமா? மழை பெய்தால் என்ன, தொலைநோக்கிக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டுப் பார்க்கலாமே என்று சின்னவன் கேட்கிறான்."

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் போகாதீர்கள் சகோதரி. காரணம் மழை இல்லை, மேகம். இது இரண்டும் ஒன்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் அப்படி நினைத்துத்தான் ஒருமுறை ஏமாந்தேன், அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

செல்போனில் பார்க்கிறீர்கள், "மழை வாய்ப்பு 20 சதவீதம்" என்று போட்டிருக்கிறது, பரவாயில்லையே என்று கிளம்புகிறீர்கள். போய்ப் பார்த்தால் ஒரு சொட்டு மழை இல்லை, ஆனால் வானம் முழுக்க அரிசி மாவு கரைத்து ஊற்றினது போல இருக்கும். நட்சத்திரம் பார்க்கப் போகிறவருக்கு மழை சதவீதத்தால் ஒரு பயனும் இல்லை. மேக மூட்டம் எத்தனை சதவீதம் என்று தனியாகப் பார்க்க வேண்டும், வானிலைத் துறையின் செயற்கைக்கோள் படத்தை அன்று மதியம் ஒருமுறை பார்க்க வேண்டும். அதுவும் பெங்களூருக்குப் பார்க்கக் கூடாது. காவலூர் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் இருக்கிறது, நம்மிடம் இருந்து ஏறக்குறைய 175 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே சும்மா தூறிக்கொண்டிருக்கும்போது அங்கே வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும். நீங்கள் சொல்கிற தாழ்வு நிலை கரைக்கு வந்தால் இரண்டு மூன்று நாளைக்கு அந்த மலை மேகத்துக்குள்ளேயேதான் இருக்கும்.

இப்போது சின்னவன் கேட்ட கண்ணாடிக் கூரை. நல்ல கேள்வி, பெரியவர்களுக்கே இது தோன்றுவதில்லை. தம்பி, கூரை போட்டு மழையைத் தடுத்துவிடலாம், ஆனால் நட்சத்திரம் மேகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? அப்புறம், கூரைக்குப் போடுகிற கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம் கொஞ்சமாவது வளையும், சிதறும், கொஞ்சம் அதிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான வெளிச்சத்தைப் பிடிக்கத்தான் அவ்வளவு பெரிய கருவியே கட்டியிருக்கிறார்கள், அதன் முகத்தில் ஜன்னலை மாட்டினால் எப்படி? அதனால் வானாய்வகத்தில் கோபுரக் கூரையின் ஒரு பகுதியைத் திறந்து வைத்து, நேராக வானத்தைப் பார்ப்பார்கள். மழை என்றால் மூடிவிடுவார்கள், அவ்வளவுதான்.

மழை இல்லாவிட்டாலும் மூடுவார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாது. இதோ, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், இந்த எவர்சில்வர் டம்ளரை இப்போதுதான் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தேன். பாருங்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே வேர்த்துவிட்டது. விரலால் கோடு போட்டால் தெரிகிறதா? மழைக்கால இரவில் தொலைநோக்கியின் ஆடியும், அதாவது வெளிச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கிற அதன் கண்ணாடியும், இப்படித்தான், சுற்றியிருக்கிற காற்றைவிடக் குளிர்ந்துவிட்டால் அதன் மேல் பனி இறங்கிவிடும். நம் வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கிறது, முன்னால் கண்ணாடி காவலுக்கு நிற்கிறது, ஈரத்துணியால் துடைத்துவிடுவோம். தொலைநோக்கியில் அலுமினியப் பூச்சு முன்பக்கமே இருக்கும், அதன் தடிமன் நம் தலைமுடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதில் ஈரம் இறங்கி, அதோடு தூசியும் சேர்ந்தால் கறை பிடித்துவிடும், கை வைத்துத் துடைக்கவும் முடியாது. அதனால்தான் ஈரப்பதம் 85, 90 சதவீதத்தை நெருங்கினாலே பெரும்பாலான வானாய்வகங்களில், மேலே நட்சத்திரம் தெரிந்தாலும்கூட, மூடிவிடுவார்கள்.

என் கதைக்கு வருகிறேன். சில வருடம் முன்பு, இதே போல ஒரு நவம்பரில், அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அத்திப்பள்ளி தாண்டும்போதே கண்ணாடி துடைப்பான் ஓட ஆரம்பித்துவிட்டது. மாமா "திரும்பிடலாம்பா" என்றார், நான் கேட்கவில்லை. ஆலங்காயம் தாண்டி மலை ஏறினால் பத்தடிக்கு மேல் சாலை தெரியவில்லை. போய்ச் சேர்ந்தோம், அன்றைக்கு வானம் காட்ட வழியில்லை என்று அங்கே இருந்தவர் தன்மையாகத்தான் சொன்னார், தப்பு என்னுடையது, ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். சின்னவள் காரிலேயே தூங்கிவிட்டாள். திரும்பும்போது ஆலங்காயத்தில் டீ குடிக்க நிறுத்தினோம், மின்சாரம் இல்லை, கடையில் மெழுகுவர்த்தி. மேலே நிமிர்ந்தால் மேகம் விலகி, கிழக்கே மிருகசீரிடமும் திருவாதிரையும், தலைக்கு மேலே கார்த்திகைக் கொத்தும் அப்படியே தொங்குகின்றன. 2.34 மீட்டர் அகல ஆடி வைத்த காவலூர் பெரிய தொலைநோக்கியைப் பார்க்கப் போய், டீக்கடை வாசலில் வெறும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தோம்.

அதனால் உங்களுக்கு நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வானத்தைப் பார்க்கப் போகிறீர்களா, கருவியைப் பார்க்கப் போகிறீர்களா? கருவிதான் என்றால் மேகம் ஒரு பொருட்டே இல்லை, பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், பார்க்க வேண்டியதும்தான் அது. அந்த 2.34 மீட்டர் ஆடியைத் தேய்த்து மெருகேற்றியது நம் பெங்களூரில், கோரமங்களாவில் இருக்கிற இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையில். வானியலாளர் வைனு பாப்பு திட்டம் போட்ட தொலைநோக்கி அது, ஆனால் அவர் 1982-லேயே இறந்துவிட்டார், 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து திறந்து பாப்புவின் பெயரை வைத்தார். அதற்கு முன்பே அங்கே 1972-ல் வந்த 1 மீட்டர் ஜெர்மன் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது, எனக்கு அதன் மேல்தான் பாசம் அதிகம். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகப்போகிறது என்று பல இடங்களில் காத்திருந்தார்கள். கிரகம் வருவதற்கு முன்பே நட்சத்திரம் சில நொடி மங்கி மறுபடி பிரகாசித்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரிய வந்தது. அமெரிக்கக் குழு விமானத்தில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு மேகத்துக்கு மேலே பறந்து பிடித்தது, அந்த மங்கல் காவலூர் 1 மீட்டரிலும் பதிவானது. மார்ச் மாதம், அங்கே வானம் திறந்திருக்கிற காலம். அதுவே நவம்பராக இருந்திருந்தால்? விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்: பெரிய தொலைநோக்கியில் யாரும் கண் வைத்துப் பார்ப்பதில்லை. அதில் கேமராவும், வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கிற நிறமாலைக் கருவியும்தான் மாட்டியிருக்கும். நமக்கு வானம் காட்டுவது தனியாக ஒரு சின்னத் தொலைநோக்கியில். இது தெரியாமல் போய் முகம் தொங்கிப்போன பெரியவர்களையே பார்த்திருக்கிறேன்.

சரி, எப்போது போவது? தை, மாசி. மகளுக்குப் பரீட்சை நெருங்குவதற்குள் ஒரு சனிக்கிழமை, பொதுமக்களுக்கு சனிக்கிழமைதான் காட்டுகிறார்கள், நேரத்தை மட்டும் கிளம்பும் முன் நிறுவனத்தின் இணையதளத்திலோ போனிலோ உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த சனிக்கிழமை என்பதற்கு உங்கள் வீட்டுக் காலண்டரே போதும், மாமியாரைக் கேளுங்கள், ஒரு நொடியில் சொல்லிவிடுவார்: வளர்பிறை சப்தமி, அஷ்டமி பக்கம் வருகிற சனிக்கிழமை. அன்றைக்கு இருட்டும்போதே நிலா உச்சியில் இருக்கும், பாதி வெளிச்சம் பாதி இருட்டாக, அந்த இரண்டும் சேர்கிற கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்து குழி குழியாகத் தெரியும். லேசாக மேகம் வந்தால்கூட நிலா தாக்குப்பிடிக்கும். பௌர்ணமி வேண்டாம், நிழலே இல்லாமல் தட்டையாக இருக்கும், கண்ணும் கூசும். அமாவாசைதான் நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் கீழே எழுதுவார்கள், அவர்கள் சொல்வதும் சரிதான், மங்கலான விண்மீன் கூட்டங்களைப் பார்க்க இருட்டு வேண்டும், ஆனால் மூன்றாவது படிக்கிற பையனுக்கு ஒரு புகை மாதிரித் தெரிகிறதைக் காட்டி "இதுதான் விண்மீன் கூட்டம்" என்றால் அவன் நம்மைப் பார்ப்பான் ஒரு பார்வை. நான் இரண்டாவது தடவை பிப்ரவரியில் அப்படி ஒரு அஷ்டமியை ஒட்டித்தான் கூட்டிப்போனேன். அக்கா மகள் கண்ணை வைத்தாள், எடுத்தாள், குழாயின் மறுமுனைக்குப் போய் எட்டிப் பார்த்தாள், "மாமா, உள்ளே படம் ஒட்டி வச்சிருக்காங்களா?" என்று என் காதில் கேட்டாள்.

போகும் வழி ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, அங்கே இருந்து ஆலங்காயம் வழியாக மேலே. மதியம் பன்னிரண்டுக்குள் கிளம்பிவிடுங்கள், சனிக்கிழமை சில்க் போர்டு நெரிசலைத் தாண்டுவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு மலையை நம்பாதீர்கள், புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், மாமியாருக்கு சால்வை. டார்ச்சுக்கு சிவப்பு ஜிகினாத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், வெள்ளை வெளிச்சம் ஒருமுறை பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், பக்கத்தில் நிற்கிறவர்களும் சண்டைக்கு வருவார்கள்.

இந்த சனிக்கிழமைக்குப் பிள்ளைகள் அழுவார்கள் என்றால் நேரு கோளரங்கத்துக்குக் கூட்டிப்போங்கள். அல்சூரில் மெட்ரோ ஏறி விதான சௌதாவில் இறங்கினால் அங்கே இருந்து ஆட்டோ. 1989-ல் இருந்து இருக்கிறது, மழை பெய்தால் என்ன, புயல் அடித்தால் என்ன, உள்ளே வானம் தெளிவாகத்தான் இருக்கும். காட்சி ஆங்கிலத்திலும் கன்னடத்திலும்தான், தமிழ் கிடையாது, ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம்மைவிடக் கன்னடம் நன்றாக வரும். சின்னவனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: மழையில் வேலை செய்ய ஒரு வழி இருக்கிறது, தொலைநோக்கி ஒரு ஊரில், ஆள் ஒரு ஊரில். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4500 மீட்டர் உயரத்தில் ஒரு 2 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. அதை ஓட்டுகிறவர்கள் இருப்பது நம் பெங்களூருக்குப் பக்கத்து ஒசகோட்டையில், வெளியே மழை கொட்டக் கொட்ட உள்ளே உட்கார்ந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இமயமலைக்கு அந்தப்பக்கத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று, கார்காரருக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள் சகோதரி, வெள்ளிக்கிழமை ராத்திரி சொன்னால் முன்பணம் வராது. முடிந்தால் ரத்து என்று சொல்லாமல், மாசி மாதத்துக்குத் தள்ளி வைக்கிறோம் என்று சொல்லுங்கள்.

சரி, அடுத்து ராமமூர்த்தி நகரில் இருந்து ஒருவர், மொட்டை மாடியில் வைக்கத் தொலைநோக்கி வாங்கலாமா என்று கேட்கிறார்.