ஆறு துண்டுகளாகப் பிரித்த ஒரு பாடம்

ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாணவர்களிடம் சமூகத் திறன்களை வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரம்தான் நினைவுக்கு வரும். ஆண்டு 1971. அதுவரை பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில் படித்துவந்த வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் தானாகப் பழகிவிடுவார்கள் என்று நம்பினார்கள். சில வாரங்களிலேயே அடிதடி தொடங்கிவிட்டது. என்ன செய்வதென்று கேட்டு, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சமூக உளவியல் பேராசிரியர் எலியட் ஆரன்சனைக் கூப்பிட்டார்கள்.

ஆரன்சனும் அவருடைய ஆய்வு மாணவர்களும் வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்து கவனித்தார்கள். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். ஆறேழு கைகள் துள்ளி எழுகின்றன. ஒரு பெயரைச் சொன்னதும் மற்றவர்கள் முகம் தொங்கிப்போகிறது. அந்தப் பிள்ளை தப்பாகச் சொன்னால் போதும், மறுபடி கைகள் இன்னும் உயரமாக எழுகின்றன. மீதிப் பேர் நம்மைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று குனிந்துகொள்கிறார்கள்.

நம் வகுப்பிலும் தினமும் இதுதானே நடக்கிறது? அடுத்தவன் சறுக்கினால்தான் எனக்கு வாய்ப்பு என்று நாள் முழுக்கப் பழக்குகிறோம். அப்புறம் காலை வணக்கக் கூட்டத்தில் ஒற்றுமையாக இருங்கள் என்று சொல்கிறோம். பிள்ளைகள் எதை நம்புவார்கள்? பாடம் நடக்கும் விதமே அவர்களை ஒருவருக்கொருவர் தேவைப்பட்டவர்களாக ஆக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

ஆரன்சன் குழு அதைத்தான் செய்து பார்த்தது. ஐந்தாம் வகுப்புப் பாடம், பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை. அதை ஆறு பத்திகளாகப் பிரித்து, ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். மற்ற ஐந்து பத்திகளைத் தெரிந்துகொள்ள நண்பர்கள் வாயைத் தவிர வேறு வழி கிடையாது. ஒரே பத்தி கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் வந்து முதலில் ஒன்றாக உட்கார்ந்து, அதைப் பேசித் தெளிந்துகொள்ளலாம். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசியில் முழுப் பாடத்திலும் தேர்வு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. துண்டுகளைச் சேர்த்து முழுப் படமாக்கும் ஜிக்சா புதிரைப் போல இருந்ததால், இதற்கு ஜிக்சா முறை என்று பெயர் வந்தது.

ஒரு குழுவில் கார்லோஸ் என்று ஒரு பையன். ஆரன்சன் வைத்த புனைபெயர் அது. வீட்டில் ஸ்பானிய மொழி பேசுபவன், வகுப்பில் வாயே திறக்க மாட்டான். ஆசிரியரும் பாவம், அவனைக் கூச்சப்படுத்த வேண்டாம் என்று கேள்வி கேட்பதையே விட்டிருந்தார். இப்போது அவன் பேசியே ஆக வேண்டும். திணறினான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். அங்கிருந்த உதவியாளர் யாரையும் அதட்டவில்லை. கேலி செய்ய ஆசையென்றால் செய்யுங்கள், ஆனால் புலிட்சரைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது, இன்னும் கொஞ்ச நேரத்தில் தேர்வு என்று மட்டும் நினைவூட்டினார்.

சில நாட்களில் அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். மொத்தமாகச் சொல் என்று மிரட்டாமல், ‘அதுக்கப்புறம் என்ன ஆச்சு?’ என்பதுபோல் சின்னச் சின்னதாகக் கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். அவனுக்கும் பேச்சு சரளமானது. நாம் நினைத்ததைவிட இவன் கெட்டிக்காரன் என்று அவர்களுக்குப் புரிந்தது. பொறுமையைப் பற்றி யாரும் அங்கே பாடம் எடுக்கவில்லை. இந்த முறையில் படித்தவர்களிடம் இன வேறுபாடு தாண்டி நட்பு கூடியது. சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது, வெள்ளைப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் குறையவில்லை.

இதை நம் ஊரில் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும், மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. அகரவரிசை அவசியம், நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார வைத்ததோடு நம் வேலை முடியாது என்பதைத்தான் ஆஸ்டின் காட்டுகிறது.

குழு வேலை நாங்களும் கொடுக்கிறோமே என்பீர்கள். சார்ட் தயாரிக்கும் குழுவைக் கொஞ்சம் பாருங்கள். அழகான கையெழுத்துள்ள பெண் எழுதுவாள், நன்றாகப் பேசும் பையன் விளக்குவான், மீதி நான்கு பேர் மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சனும் ராஜர் ஜான்சனும் இதனால்தான் இரண்டை வலியுறுத்தினார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் முடிக்க முடியாதபடி வேலை இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தான் கற்றதற்குத் தானே பதில் சொல்ல வேண்டும். குழுவுக்கே ஒரு மதிப்பெண் போடுவது எனக்கு உடன்பாடில்லை. உழைத்த பிள்ளைக்குக் கசப்புதான் மிஞ்சும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எலிசபெத் கோஹன் சொன்ன ஒன்றையும் செய்து பாருங்கள். ஒதுங்கியிருக்கும் பிள்ளை உண்மையிலேயே நன்றாகச் செய்ததைக் கவனித்து, எல்லார் முன்னாலும் குறிப்பாகச் சொல்லுங்கள். சும்மா ‘வெரி குட்’ போதாது. ‘வரைபடத்தில் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இவள்தான் கண்டுபிடித்தாள், குழுவுக்கு இனி அது தேவைப்படும்’ என்று சொன்னால், அடுத்த நிமிடமே மற்றவர்கள் அவள் பக்கம் திரும்புவார்கள்.

ஒரு சந்தேகம் எப்போதும் வரும். துண்டு வைத்திருக்கும் பிள்ளை அன்று லீவு போட்டால்? வகுப்பில் 45 பேர் என்றால், ஆறு பேராக ஏழு குழு போக மூன்று பேர் மிஞ்சுவார்கள். அடிக்கடி வராத பிள்ளைக்கும், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கும் அவர்களைத் துணையாகச் சேர்த்து, ஒரே பத்தியை இருவருக்குக் கொடுங்கள். சமூக அறிவியலில் ஒரு சின்னப் பாடத்தோடு தொடங்குங்கள். முதல் நாள் சத்தமாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.