திரும்பத் திரும்பப் போன புகைப்படக்காரர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் மில்டன் ரோகோவின். 1909இல் நியூயார்க் நகரில் பிறந்து, பஃபலோ நகரில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுத்து வாழ்ந்தவர்.

இடதுசாரி இயக்கத்திலும் தொழிற்சங்கத்திலும் ஈடுபட்டிருந்த அவரை, 1957இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழு அழைத்தது. அவர் ஒத்துழைக்க மறுத்தார். உள்ளூர் நாளேடு அவரை நகரின் முதன்மைக் கம்யூனிஸ்ட் என்று எழுதியதும், அவரிடம் வந்துகொண்டிருந்தவர்கள் பலர் விலகிப் போனார்கள். பேச்சுக்கு வாய்ப்பூட்டு விழுந்த நிலையில், 1958இல் அவர் கேமராவைக் கையில் எடுத்தார். கறுப்பின மக்களின் சிறிய தெருவோரத் தேவாலயங்களே அவருடைய முதல் களம்.

1972இல் தம் கடையை ஒட்டிய லோயர் வெஸ்ட் சைடு பகுதிக்குள் இறங்கினார். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் வாழ்ந்த அந்தத் தெருக்களில், தொடக்கத்தில் அவரை உளவாளியோ என்று சந்தேகித்தார்கள். அவரோ எடுத்த படத்தைப் பிரதி போட்டு, அவரவர் கையிலேயே இலவசமாகக் கொடுத்துவந்தார். மனைவி ஆன் உடன் சென்றார். எப்படி நிற்பது, எதை உடுத்துவது என்பதையெல்லாம் படத்தில் நிற்பவர்களின் விருப்பத்துக்கே ரோகோவின் விட்டுவிட்டார்.

அவர் பயன்படுத்திய ரோலைஃப்ளெக்ஸ் கேமராவை வயிற்றருகே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துதான் மேல்திரையில் காட்சியைப் பார்க்க முடியும். எதிரே நிற்பவரை மேலிருந்து நோக்காத அந்தக் கோணத்தில், சாராயக்கடை வாசலில் நிற்பவரும் தலைநிமிர்ந்தே தெரிகிறார். விளிம்பில் வாழ்பவர்களைப் படமெடுத்தவர்கள் பலர் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஒருமுறை வந்து போனவர்கள். ரோகோவின் 1980களிலும் 1990களிலும் பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அதே மனிதர்களைத் தேடிப் போனார். மூன்று படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, கைக்குழந்தை பெற்றோர் உயரத்துக்கு வளர்ந்துவிடுகிறது. சில வீடுகளில் முதல் படத்தில் நின்றவர் அடுத்ததில் இல்லை. அவருடைய மேன்மை இந்த மீள்வருகையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

எஃகு ஆலைத் தொழிலாளர்களையும் அவர் இவ்வாறே அணுகினார். கரி படிந்த முகத்தோடு பணியிடத்தில் ஒரு படம், குடும்பத்தோடு வீட்டுக் கூடத்தில் இன்னொன்று.

1999இல், அவரை விசாரித்த அதே காங்கிரசின் நூலகம் அவருடைய நெகட்டிவ்களைத் தன் சேகரிப்பில் ஏற்றது. அடுத்த ஆண்டு, 90 வயதில், நான்காம் முறையாக அந்தத் தெருக்களுக்குப் படமெடுக்கப் போனார்.