பாரம் எந்தக் காலில்?

நேயர்களுக்கு வணக்கம். ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேசச் சொன்னால் காட்டுவதற்குக் கையில் ஒரு படம்கூட இல்லை. அதனால் உங்கள் உடம்பையே கொஞ்ச நேரம் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

முடிந்தவர்கள் எழுந்து நில்லுங்கள். பாரம் முழுவதையும் வலது காலில் போட்டு, இடது முழங்காலைத் தளர விடுங்கள். யாருக்கோ காத்திருந்து அலுத்துப்போனவர் நிற்பாரே, அந்த மாதிரி. இப்போது இரண்டு கைகளாலும் இடுப்பெலும்பைத் தொட்டுப் பாருங்கள். வலது பக்கம் மேலே ஏறியிருக்கிறதல்லவா? கையைத் தொங்கவிட்டுத் தோளைக் கவனியுங்கள். பெரும்பாலும் வலது தோள் இறங்கியிருக்கும். இடுப்பு ஒரு பக்கம் சாய, தோள் எதிர்ப்பக்கம் சாய்ந்து அதை ஈடுகட்டுகிறது. நடுவில் முதுகெலும்பு வளைந்துகொடுக்கிறது. சரி, உட்காரலாம்.

மனித உருவத்தை நேரில் பார்த்து வரைகிற பயிற்சியில், அதாவது லைஃப் டிராயிங்கில், பாதிப் பாடம் இதுதான். பழைய கிரேக்க இளைஞர் சிலைகள் இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு விறைத்து நிற்கும். கி.மு. 480ஐ ஒட்டித்தான் அங்கே சிற்பிகள் ஒரு காலைத் தளரவிட்டார்கள். கல் மூச்சுவிடத் தொடங்கியது போல இருக்கும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் கழுத்து, இடுப்பு, முழங்கால் என மூன்று இடங்களில் வளையும் திரிபங்கமும் இதே பாரக் கணக்குதான்.

எனக்கு இது தெரிய நாளாயிற்று. முதல் வகுப்புக்குப் போனபோது முகம் வரைவதில் நான் கெட்டிக்காரன் என்று நினைப்பு. மாடல் வந்து நின்றார். நான் கண்ணிலிருந்து ஆரம்பித்தேன். இமை, மூக்கு, உதடு என்று இழைத்து இழைத்துக் கீழே இறங்கினால், முழங்காலோடு காகிதம் முடிந்துவிட்டது. பாதத்துக்கு இடமில்லை. ஆசிரியர் பின்னால் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: "இவர் எந்தக் காலில் நிற்கிறார்?" என் படத்தில் அவர் எந்தக் காலிலும் நிற்கவில்லை, அந்தரத்தில் தொங்கினார்.

இந்த நோய்க்கு மருந்தாகத்தான் வகுப்பைக் குறுகிய நிலைகளில் தொடங்குவார்கள். மாடல் முப்பது விநாடிக்கு ஒரு நிலை, பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று மாற்றிக்கொண்டே இருப்பார். முப்பது விநாடியில் இமை வரைய முடியாது. தலையிலிருந்து பாரம் தாங்கும் குதிகால் வரை ஓடும் ஒரு வளைவு, தோளுக்கு ஒரு சாய்கோடு, இடுப்புக்கு ஒரு சாய்கோடு. அவ்வளவுதான் கிடைக்கும். ஆச்சரியம் என்னவென்றால், ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் அவர் களைத்திருக்கிறாரா, ஓடத் தயாராக இருக்கிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மெல்லிய கரித்துண்டும் மலிவான காகிதமும் போதும். நல்ல காகிதம் வாங்கினால் கை பயப்படும்.

அப்புறம் அளவு. வளர்ந்தவரின் உயரம் அவர் தலையைப் போல ஏறக்குறைய ஏழரை மடங்கு. கம்பீரத்துக்காக ஓவியர்கள் எட்டு மடங்கு வைப்பதுண்டு. ஒரு வயதுக் குழந்தைக்கு நாலு மடங்குதான். உடம்பின் பாதி உயரம் தொப்புளில் இல்லை, அதற்கும் கீழே, கால்கள் பிரியும் இடத்தில். தலையின் பாதி உயரத்தில் கண். உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்தால் நடுவிரல் நெற்றியின் மேல்பகுதியைத் தொடும். கை இவ்வளவு பெரிதா என்று தோன்றும். புதியவர்கள் வரைகிற கைகள் எல்லாம் குழந்தைக் கைகளாக இருப்பதற்குக் காரணம் இந்த ஆச்சரியம்தான்.

ஆனால் மாடல் உங்கள் பக்கம் காலை நீட்டிப் படுத்துவிட்டால் ஏழரையும் போச்சு, எட்டும் போச்சு. பாதம் தலையைவிடப் பெரிதாகத் தெரியும். தொடை ஒரு சாண்கூட இருக்காது. கண் அப்படித்தான் பார்க்கிறது, மனசு ஒப்புக்கொள்ளாது. 'தொடை நீளமானது, எனக்குத் தெரியாதா?' என்று வாதாடும். கையும் மனசின் பேச்சைத்தான் கேட்கும். பல மாதங்கள் என் படங்களில் படுத்திருந்தவர்கள் எல்லாம் பலகையில் சறுக்கி விழுகிறவர்களாகவே இருந்தார்கள். இங்கேதான் பென்சிலை நீட்டிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் அளப்பது உதவுகிறது. முழங்கை மடங்கக் கூடாது. மடங்கினால் பென்சிலுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மாறும், அளவும் மாறும். இன்னொரு வழி, உடம்பைப் பார்க்காமல் அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைப் பார்ப்பது. கையை இடுப்பில் ஊன்றி நிற்கும்போது உள்ளே ஒரு முக்கோணம் தெரியுமே, அந்த முக்கோணத்தை வரையுங்கள். அதைப் பற்றி மனசுக்கு முன்கூட்டியே எந்த அபிப்பிராயமும் இல்லை. அதனால் வாதாடாது.

ஆடையில்லாத மாடலா என்று கேட்கத் தயங்குகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பல வகுப்புகளில் ஆம். கூச்சம் ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு நம் படத்தைப் பார்த்துத்தான் கூச்சப்படுவோம். இந்தக் கூச்சத்தின் பெயரால் பெண்களுக்கு இழைத்த அநியாயம் பெரிது. லண்டனில் ராயல் அகாதமி என்ற கலைக்கழகம் 1768இல் தொடங்கியபோது நிறுவிய உறுப்பினர்களில் ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரண்டு பெண்கள் இருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து ஸோஃபனி என்ற ஓவியர் அகாதமி உறுப்பினர்கள் மாடல்களோடு கூடியிருக்கும் காட்சியை வரைந்தார். அந்த அறையில் இந்த இருவரும் இல்லை. சுவரில் மாட்டிய முகப்படங்களாக மட்டும் இருக்கிறார்கள்! அங்கே மாணவிகளுக்கு மாடலைப் பார்த்து வரையும் வகுப்பு 1893இல்தான் கிடைத்தது. அதுவும் மாடல் உடம்பில் துணி சுற்றித்தான். அமெரிக்காவில் தாமஸ் ஈக்கின்ஸ் என்ற ஓவியர், மாணவிகள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடைத்துணியை அகற்றியதற்காக 1886இல் ஆசிரியர் வேலையை இழந்தார்.

மாடல் கிடைக்காதவர்கள் வீட்டில் தூங்குகிறவர்களை வரையலாம். துணியும் சும்மா தொங்குவதில்லை. தோள், முழங்கை, முழங்கால் எங்கே தூக்கிப் பிடிக்கிறதோ அங்கிருந்துதான் மடிப்பு கிளம்பும்.

ஒருநாள் வகுப்புக்கு மாடல் வரவில்லை. என்னை மேடையேற்றிவிட்டார்கள், உடையோடுதான். பெருமைக்கு ஒரு கையைத் தூக்கி நின்றேன். இரண்டாவது நிமிடத்தில் தோள் எரிந்தது. ஐந்தாவது நிமிடத்தில் கையை நைசாக இறக்கி இடுப்பில் வைத்தேன். இருபது நிமிடம் முடிந்து இறங்கியபோது வலது கால் மரத்து, நொண்டிக்கொண்டே போய்ப் படங்களைப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் என் முகம் நன்றாக வந்திருந்தது. ஒரு படத்தில் மட்டும் முகமே இல்லை, வெறும் முட்டை வடிவம். ஆனால் வலது குதிகாலில் கரி அழுந்தி, காகிதமே கிழிகிற அளவுக்குக் கறுத்திருந்தது. எனக்குத் தரமுடியுமா என்று கேட்டேன். வரைந்த பெண் தர மறுத்துவிட்டார்.

வணக்கம்.