கொழும்பா, யாழ்ப்பாணமா? திருமலைக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

(காட்சி: திருகோணமலை பஸ் நிலையம், அதிகாலை. பயணப் பைகளோடு ஒரு குடும்பம்.)

வணக்கம். திருமலையை விட்டுக் குடிபெயர நினைக்கும் வீடுகளில் இரண்டு ஊர்களின் பெயர்தான் அடிபடும். ஒன்று கொழும்பு, மற்றது யாழ்ப்பாணம். இங்கேயே இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் வேலை, வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு என்று ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வேலையைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம் பேர். யாழ்ப்பாண மாவட்டத்தில் 6 இலட்சத்துக்கும் குறைவு. வங்கித் தலைமையகங்கள், பெரிய நிறுவனங்கள், பெரிய துறைமுகம் எல்லாம் கொழும்புப் பக்கம். சம்பளத்தை நம்பி வாழ வேண்டியவர், கையில் வேலைக் கடிதம் இல்லாமல் யாழ்ப்பாணத்துக்கு மூட்டை கட்டுவது புத்தியல்ல.

(காட்சி: கொழும்பு வெள்ளவத்தை, காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை.)

வீடு என்று வரும்போதுதான் திருமலைக்காரருக்கு மூச்சு முட்டும். உவர்மலையில் வளவும் கிணறும் மாமரமுமாக வாழ்ந்தவர், வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இரண்டு அறைக்குள் அடங்க வேண்டும். ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கேட்பது அங்கே சாதாரணம். ஒரு வருடம் கேட்பவர்களும் உண்டு. அதற்கு மேல் மின்தூக்கி, காவலாளி, நீர் ஏற்றும் மோட்டார் எல்லாவற்றுக்கும் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம். வாகனத் தரிப்பிடம் வாடகைக்குள் அடங்குமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடற்பக்க யன்னலின் பிணைச்சலையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்புக் கணக்கில் பேசுவார்கள். ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். இரண்டு பரப்பு கிடைத்தாலே வீடு, தென்னை, பின்வளவு என்று கை கால் நீட்டலாம். ஆனால் வாங்கும் முன், வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை தெரிந்த சட்டத்தரணி ஒருவரைப் பிடியுங்கள். வடக்கில் ஒரு காணி பலருக்குக் கூட்டாகச் சொந்தமென்றால், ஒருவர் தன் பங்கை விற்கும்போது அதை முதலில் வாங்கும் உரிமை மற்றப் பங்காளிகளுக்கு உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் எழுதிய காணி உறுதி நீதிமன்றப் படியேறலாம். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண்ணின் காணியென்றால், அவர் விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும்.

(காட்சி: கட்டுக் கிணறு. வாளி இறங்குகிறது.)

எல்லாவற்றையும் விடப் பெரிய விடயம் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, அதனால் மேலே நிற்கும். மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். தோட்டங்களுக்குப் போடும் உரமும், கிணற்றை நெருங்கி வெட்டிய மலசலகூடக் குழிகளும் அதே நீரில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. இது கொதிக்கவைத்தாலும் போகாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் விளையாட்டல்ல. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பார்த்துப் பதற வேண்டாம், அது சுண்ணாம்பு. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. நீங்கள் பார்க்கும் ஒழுங்கைக்கு அந்தக் குழாய் வந்துவிட்டதா என்று அயலவரிடமே விசாரியுங்கள்.

கொழும்பில் குழாயைத் திறந்தால் களனி கங்கைத் தண்ணீர். அங்கே பிரச்சினை தலைகீழ். ஆண்டு மழை யாழ்ப்பாணத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கால்வாய்கள் பொங்கினால் தாழ்ந்த ஒழுங்கைகளில் முழங்காலளவு வெள்ளம்.

வைத்தியத்துக்குக் கொழும்பில் தேசிய வைத்தியசாலையும், புற்றுநோய்க்கு மகரகம வைத்தியசாலையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலையும், புற்றுநோய்க்குத் தெல்லிப்பழை வைத்தியசாலையும் இருக்கின்றன. சிக்கலான நோய்க்கு இன்னும் கொழும்புதான் கை கொடுக்கிறது. ஆனால் மொழி? 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. அப்படியிருந்தும் கொழும்பு அலுவலகங்களில் சிங்களம் தெரியாதவர் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போகிறார். யாழ்ப்பாணத்தில் உங்கள் அம்மா தனியே போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவார்.

என்னைக் கேட்டால், உழைக்கும் வயதில் கொழும்பில் வாடகைக்கு இருங்கள். சொந்தமாக வாங்க அவசரப்படாதீர்கள். ஓய்வூதியமோ வெளிநாட்டுப் பணமோ மாதம் தவறாமல் வருபவருக்கு யாழ்ப்பாணம் வசதி.

எங்கே போவதானாலும் வீடு பார்க்கும் மாதத்தைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். யாழ்ப்பாணத்துக்குச் செப்டெம்பரில், மாரிமழைக்கு முன் போங்கள். கிணறு வற்றி, உவர் தெரியும் காலம் அது. கொழும்புக்கு ஒக்டோபர் கடைசியில், மழை கொட்டும் ஒரு பின்னேரம் போங்கள். தரகர் “நாளைக்குப் பார்க்கலாம்” என்பார். அன்றைக்கே பார்க்க வேண்டும் என்று நில்லுங்கள்.