வாணியனுக்குக் கொடுப்போம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, இடம் தந்த சமூக மன்ற மேலாளர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலி தூக்கிய தொண்டூழியர்களே, தேக்காவில் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம்.

குரோமியம் என்ற தாதுச்சத்து பற்றி இரண்டு செய்தி சொல்ல வந்திருக்கிறேன். உடம்பில் அதன் வேலை என்ன, எந்த உணவில் இருக்கிறது.

1959இல் அமெரிக்காவில் ஷ்வார்ட்ஸும் மெர்ட்ஸும் எலிகளை வைத்து ஆராய்ந்து, சர்க்கரையைக் கையாள உடம்புக்குக் குரோமியம் உதவுகிறது என்றார்கள். 2001இல் அமெரிக்க நிபுணர்கள் ஆணுக்கு நாளுக்கு 35, பெண்ணுக்கு 25 மைக்ரோகிராம் போதும் என்றார்கள். 50 வயதுக்கு மேல் இன்னும் குறைவு. 2014இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, அது இன்றியமையாதது என்பதற்கே சான்று போதாது என்றது. சரி, இப்படி இருக்கும்போது நாம் ஏன் புட்டி புட்டியாக வாங்குகிறோம்?

ஈசூனில் இருக்கும் என் அக்காவுக்குச் சர்க்கரை. ஒருநாள் போனேன். மேசையில் புதுப் புட்டி, 200 மைக்ரோகிராம் குரோமியம் பிக்கோலினேட் என்ற சத்து மாத்திரை. “யாரு சொன்னாங்க அக்கா?” என்றேன். “கீழ் வீட்டம்மா சொன்னாங்கடா தம்பி, சர்க்கரை தானா இறங்கிடுமாம்.” சொல்லிக்கொண்டே மாத்திரையை வாயில் போட்டு, எதை ஊற்றி விழுங்கினார் தெரியுமா? கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் தேநீர்! பக்கத்துத் தட்டில் வெள்ளைச் சோறு குவியல். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கள் அம்மா அடிக்கடி சொல்வார்: வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு. வாணியன் என்றால் எண்ணெய் விற்பவர்; மருந்துக்குச் செலவழிப்பதை நல்ல உணவுக்குச் செலவழி என்று பொருள். அக்காவும் அதைக் கேட்டு வளர்ந்தவர்தான். அன்றே இருவரும் தேக்காவுக்குப் போய்ச் சிவப்பரிசியும் கேழ்வரகும் வாங்கினோம். மருத்துவர் தந்த மாத்திரையை அக்கா விடவில்லை, நீங்களும் விடக்கூடாது. புட்டியை மட்டும் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். இப்போது கடையில் அக்கா கேட்பது தே ஓ கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்.

தவிடு நீக்காத தானியம், புரொக்கோலி, கொட்டை வகை, இறைச்சி எல்லாவற்றிலும் குரோமியம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. தானியத்தைத் தீட்டத் தீட்ட அது குறைகிறது. தீட்டாத அரிசி தருவது குரோமியம் மட்டுமில்லை, நார்ச்சத்தும்தான். சர்க்கரை நோய்க்கு எதிராக நம் சிங்கப்பூர் அரசு போர் அறிவித்தது 2016இல். நம் திருமண விருந்திலும் மன்ற விழாவிலும் இன்னும் மலைபோல் வெள்ளைச் சோறுதான்! வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

தலைவர் அவர்களே, வரும் பொங்கல் விருந்தில் ஒரு பானையாவது சிவப்பரிசிச் சோறு வையுங்கள். சமைக்க நான் வருகிறேன், அக்காவும் வருகிறார். கூட வர விரும்புகிறவர்கள் வாசல் மேசையில் இருக்கும் தாளில் பெயர் எழுதுங்கள். வணக்கம்.