மிசிசிப்பியை அடைத்தவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க விடுதலைப் போரில் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் பெர்னார்டோ டி கால்வெஸ் செய்தது உதவியா, சுயநலமா என்பது தலைப்பு. உதவியே என்று பேச வந்திருக்கிறேன்.

"1763-இல் பறிகொடுத்த புளோரிடாவை மீட்கத்தானே ஸ்பெயின் போருக்கு வந்தது?" என்று கேட்டார் எதிரணித் தலைவர். ஸ்பெயின் போர் அறிவித்தது 1779 ஜூனில். கால்வெஸ் நியூ ஆர்லியன்ஸில் பொறுப்பேற்றதோ 1777 ஜனவரியில். இடையில் இரண்டரை வருடம் இருக்கிறது, ஐயா! அந்த நாளிலேயே பிரிட்டிஷ் கப்பல்களைப் பறிமுதல் செய்தார், அமெரிக்கர்களுக்குத் துறைமுகத்தைத் திறந்துவிட்டார். ஆலிவர் போலக் என்ற வணிகர் அமெரிக்கப் படைகளுக்குச் சரக்கும் கடனும் திரட்டியபோது கூடவே நின்றார். ஸ்பெயின் போரிலேயே இறங்காத நேரத்தில் இதில் புளோரிடா எங்கே வந்தது?

போர் வந்த பிறகு நடந்ததையும் பாருங்கள். அதே 1779 ஆகஸ்ட் 18-இல் புயல் அவருடைய படகுகளை மூழ்கடித்தது. ஒன்பதே நாளில் படையோடு கிளம்பிவிட்டார். வழியெல்லாம் பிரெஞ்சு வம்சாவளிக் குடியேறிகளான அக்கேடியர்களும் பழங்குடியினரும் சேர்ந்துகொண்டார்கள். சுதந்திரக் கறுப்பின வீரர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். செப்டம்பர் 7-இல் மிசிசிப்பிக் கரையில் ஆங்கிலேயர் வைத்திருந்த மஞ்சாக் கோட்டை விழுந்தது. அடுத்து பேட்டன் ரூஜ். அங்கே இரவில் ஒரு சிறு கூட்டத்தைக் காட்டுப் பக்கம் அனுப்பி, மரம் வெட்டிச் சத்தம் போடச் சொன்னார். ஆங்கிலேயர்கள் இருட்டில் அந்தச் சத்தத்தை நோக்கியே சுட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் நிஜமான பீரங்கி மேடு சத்தமில்லாமல் எழுந்தது. விடிந்ததும் குண்டுமழை; சில மணி நேரத்தில் கோட்டை பணிந்தது. அந்த உடன்படிக்கையிலேயே நாச்செஸ் கோட்டையையும் சேர்த்து எழுதி வாங்கினார். கீழ் மிசிசிப்பி ஆங்கிலேயருக்கு அடைபட்டது.

1781 மே மாதம் மேற்குப் புளோரிடாவின் பென்சகோலாவில் சரணடைந்த ஆங்கிலேய வீரர்களை, ஆங்கிலேயர் வசமே இருந்த நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டார் என்று எதிரணியில் ஒருவர் குற்றம் சாட்டினார். உண்மைதான். அமெரிக்கர்களுக்கு அது வருத்தம் தந்ததும் உண்மை. நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அங்கே சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் கேம்ப்பெல்லின் படை 1779 தொடக்கத்திலிருந்து அதுவரை மெக்சிகோ வளைகுடாக் கரையிலேயே கட்டுண்டு கிடந்ததே! 1780 மே மாதம் தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரமே ஆங்கிலேயர் வசமானது. அந்த ஆண்டு இந்தப் படையும் கரோலினாவில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.