அன்றே எழுதியதா, அப்புறம் எழுதியதா?

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கக் குடியரசின் முதல் தலைமுறைத் தலைவர்கள் எழுதிக் குவித்தவர்கள். நாட்குறிப்பு, கடிதம், கணக்கு, விவாதக் குறிப்பு என்று மலையாகக் கிடக்கிறது. அவற்றைப் படிக்க உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பக்கத்தின் தலையில் ஒரு தேதி இருக்கிறதே, அந்தப் பக்கம் அந்தத் தேதியில்தான் எழுதப்பட்டதா? இதைக் கேட்காமல் மேற்கோள் எடுத்தவர்கள் பெரிய பெரிய அறிஞர்களானாலும் ஏமாந்திருக்கிறார்கள்.

1787ஆம் ஆண்டு அரசியலமைப்பு மாநாட்டையே எடுத்துக்கொள்வோம். பிலடெல்பியாவில் மே 25 முதல் செப்டம்பர் 17 வரை நடந்தது. கதவு சாத்திய கூட்டம். அங்கே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்று மே 29ஆம் தேதியே விதி செய்துகொண்டார்கள். பத்திரிகைக்காரர் கிடையாது, சுருக்கெழுத்தாளர் கிடையாது. வில்லியம் ஜாக்சன் என்ற செயலர் இருந்தார். அவர் வைத்த பதிவேட்டில் தீர்மானமும் வாக்கு எண்ணிக்கையும் உண்டு. யார் என்ன பேசினார் என்பது இல்லை. கடைசி நாளில் அவர் உதிரித் தாள்களை எல்லாம் எரித்துவிட்டு, பதிவேட்டை மட்டும் தலைவர் வாஷிங்டனிடம் ஒப்படைத்தார். அந்தத் தாள்களில் என்ன இருந்ததோ, போனது போனதுதான்.

ஆகவே நாம் நம்பியிருப்பது உறுப்பினர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட குறிப்புகளை. அவற்றில் முதன்மையானது ஜேம்ஸ் மேடிசனுடையது. தலைவருக்கு நேர் எதிரே, இரு பக்கமும் உறுப்பினர்கள் இருக்கும்படி இடம் பிடித்து உட்கார்ந்தார். கேட்டதைத் தனக்குப் புரியும் சுருக்கங்களில் குறித்துக்கொண்டு, கூட்டம் கலைந்த பின்போ அடுத்த சில நாள்களிலோ விரித்து எழுதினார். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று அவரே சொல்கிறார். ஜூலையில் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில், உடம்பு ஒத்துழைத்தால் இந்தச் சலிப்பூட்டும் வேலையைத் தொடரப்போவதாக எழுதினார்.

இந்த முறையிலேயே சில ஓட்டைகள் இருக்கின்றன. ஒருநாள் கூட்டம் பல மணி நேரம் நடந்தது. அந்த நாளுக்கான மேடிசன் குறிப்பை உரக்கப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் வடிகட்டப்பட்டது. வடிகட்டியவருக்கோ அந்த விவாதத்தில் ஒரு கட்சி உண்டு. இன்னொன்று, மேடிசன் எழுந்து பேசும்போது யார் குறிப்பெடுப்பது? அவருடைய சொந்தப் பேச்சுகள் அவர் நினைவிலிருந்து பின்னால் எழுதியவை. அவை மற்றவர் பேச்சைவிடச் சீராக, வாதம் வாதமாக அடுக்கி இருப்பதில் ஆச்சரியமில்லை. பிராங்க்ளின் முதுமையால் தன் உரையை எழுதிக் கொடுத்து ஜேம்ஸ் வில்சனைப் படிக்கச் செய்தபோது மட்டும் வேறு கதை. அங்கே எழுத்துப் பிரதியே கையில் கிடைத்தது. ஒரே கையெழுத்துப் பிரதிக்குள் நம்பகத்தின் அளவு பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது.

அடுத்தது திருத்தம். மேடிசன் அந்தக் குறிப்புகளை ஏறத்தாழ 50 ஆண்டு கையில் வைத்திருந்தார். 1789இல் அதிகாரப்பூர்வப் பதிவேட்டைப் பார்த்து நகலெடுத்தார். தன் குறிப்பில் விட்டுப்போனதைச் சேர்த்தார். 1819இல் அப்போதைய வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸின் பொறுப்பில் பதிவேடு அச்சானது; அதைப் பார்த்தும் திருத்தினார். 1821இல் நியூயார்க் உறுப்பினர் ராபர்ட் யேட்ஸின் குறிப்பு வெளிவந்தது, அதையும் ஒப்பிட்டார். 1836 ஜூனில் இறந்தார். மறு ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் 30,000 டாலர் கொடுத்து அந்தத் தாள்களை வாங்கியது. 1840இல் மூன்று தொகுதிகளாக அச்சேறியது. படித்தவர்கள் எல்லாம் 1787இன் குரலைக் கேட்பதாக நினைத்தார்கள். உண்மையில் அதில் 1787, 1789, 1820கள் மூன்றும் கலந்திருந்தன.

இந்தக் கலவையைப் பிரித்துக் காட்டியவர் மாக்ஸ் ஃபாரண்ட். 1911இல் அவர் மாநாட்டின் எல்லாப் பதிவுகளையும் நாள்வாரியாக ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பதிப்பித்தார். மேடிசன் 1787இல் தொட்டு எழுதிய மை ஒருவிதமாகவும், பின்னாளில் திருத்திய மை வேறுவிதமாகவும் வெளுத்திருந்தது. அதைக் கொண்டு திருத்தங்களைப் பிரித்தார். அப்போது தெரிந்த ஒரு வேடிக்கை: சில இடங்களில் மேடிசன் முதலில் எழுதியதுதான் சரி. அச்சான பதிவேட்டில் பிழை இருந்தது. அரசாங்கப் பதிவேடு தப்பாக இருக்காது என்று நம்பி, தன் சரியான குறிப்பை அடித்துவிட்டுத் தவறானதை எழுதிவைத்தார்! பிற்காலத் திருத்தம் என்றாலே உள்நோக்கம் என்று குதிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஃபாரண்டுக்குப் பின் பெரிய பாய்ச்சல் மேரி சாரா பில்டர் என்ற சட்ட வரலாற்றாசிரியருடையது. 2015இல் நூலாக வந்தது. அவர் தாளையே படித்தார்: காகிதத்தின் நீர்க்குறி (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் ஆலை அடையாளம்), மடித்த விதம், மேடிசன் தைத்துக் கட்டியபோது விழுந்த ஊசித்துளை. பிற்பகுதித் தாள்களின் துளைகள் முற்பகுதியோடு பொருந்தவில்லை. ஆகஸ்ட் 21ஆம் தேதியை ஒட்டி அன்றன்று விரித்தெழுதுவது நின்றுபோய், அதற்குப் பிந்தைய பகுதி மாநாடு முடிந்த பிறகே எழுதி நிறைவு செய்யப்பட்டது என்பது அவர் முடிவு. அடிமை வணிகம், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை போன்ற சூடான விஷயங்கள் அந்தக் கடைசி வாரங்களில்தான் தீர்ந்தன. அந்தப் பகுதியை மேற்கோள் காட்டும்போது கை கொஞ்சம் தயங்க வேண்டும்.

நீர்க்குறி என்றேனே, அது ஒரு மனிதரைக் கையும் களவுமாகப் பிடித்த கதை இருக்கிறது. தென் கரோலினாவின் சார்லஸ் பிங்க்னி 1787 மே 29 அன்று அரசியலமைப்புக்கு ஒரு வரைவை மாநாட்டில் வைத்தார். அது விவாதிக்கப்படவில்லை, பிரதியும் பதிவேட்டோடு இல்லை. 1818இல் பதிவேட்டை அச்சுக்குத் தயார் செய்த ஆடம்ஸ், பிங்க்னிக்கே கடிதம் எழுதிக் கேட்டார். என்னிடம் நாலைந்து வரைவு இருக்கிறது, இதுதான் அது என்று நம்புகிறேன் என்று சொல்லி அவர் ஒன்றை அனுப்பினார். 1819இல் அது அச்சாகியும் விட்டது. படித்தால் திகைப்பாக இருக்கும். ஆகஸ்ட் 6ஆம் தேதி வரைவுக் குழு சமர்ப்பித்ததை அச்சு அசலாக ஒத்திருக்கிறது. வாரக்கணக்கில் சண்டை போட்டு எட்டிய முடிவுகளை இவர் முதல் வாரத்திலேயே எழுதிவிட்டாராம்.

மேடிசன் ஓசைப்படாமல் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். அந்த வரைவில் கீழவையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஜூன் 6 அன்று மாநில சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் இதே பிங்க்னி. பின்னாளில் அறிஞர்கள் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள். நீர்க்குறியில் 1797 என்று இருந்தது. மையும் 1818இல் அதோடு சேர்த்து அனுப்பிய கடிதத்தின் மைதான். நிஜமான வரைவின் பகுதிகள் எங்கே கிடைத்தன தெரியுமா? வரைவுக் குழுவில் இருந்த ஜேம்ஸ் வில்சனின் தாள்களில். தன் வேலைக்காக அவர் எடுத்துவைத்திருந்த சுருக்கங்களை ஜேம்சன், மக்லாஃப்ளின் என்ற வரலாற்றாசிரியர்கள் 1903, 1904இல் அடையாளம் கண்டார்கள். ஒருவரின் தாள் அவரிடம் இல்லாவிட்டால் அவரோடு குழுவில் உட்கார்ந்தவர் பெட்டியில் தேட வேண்டும் என்பது இதில் கற்ற பாடம். பிங்க்னி பொய்யரா, முதுமையில் குழம்பியவரா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் கணக்கில் இரண்டும் பாதிப் பாதி.

யேட்ஸ் குறிப்பையும் சும்மா எடுத்துவிட முடியாது. அவர் ஜூலை 10ஆம் தேதியே மாநாட்டை விட்டுப் போய்விட்டார். அச்சிட்டது, அவரோடு வெளியேறிய இன்னொரு நியூயார்க் உறுப்பினர் லான்சிங் எடுத்த நகலை வைத்து. அதைக் கையாண்டவர் பழைய பிரெஞ்சுத் தூதர் ஜெனே. எஞ்சியிருக்கும் நகல் பக்கங்களை அச்சோடு ஒப்பிட்டால் ஜெனே வெட்டியதும் மாற்றியதும் தெரிகிறது.

பயிற்சியாகப் பார்க்க விரும்புகிறவருக்கு ஜூன் 18ஐச் சொல்வேன். அன்று நியூயார்க் உறுப்பினர் அலெக்சாண்டர் ஹாமில்டன் நாள் முழுக்கப் பேசினார். மேடிசன், யேட்ஸ், லான்சிங், ரூஃபஸ் கிங் நால்வரும் குறித்திருக்கிறார்கள். ஹாமில்டன் கையில் வைத்துப் பேசிய குறிப்பும் உண்டு. ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லாவற்றிலும் வருவது பேசப்பட்டது என்று கொள்ளலாம். ஒன்றில் மட்டும் வரும் கூர்மையான வாசகம் குறித்தவருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அன்றைய சுருக்கெழுத்து இல்லாக் குறிப்பில் சொல்லுக்குச் சொல் மேற்கோள் தேடக்கூடாது. கருத்தைத்தான் தேட வேண்டும்.

வாஷிங்டனின் நாட்குறிப்பு இதற்கு நேர் எதிர். மாநாட்டு நாள்களில் எங்கே சாப்பிட்டார், யாரோடு தேநீர் குடித்தார் என்று எழுதினார். நடவடிக்கைகள் எதுவும் இதில் இடம்பெறாது என்றும் எழுதிவைத்தார். விதியென்றால் அவருக்கு விதி. பல ஆண்டுகள் அவர் வெர்ஜீனியா பஞ்சாங்கத்தின் இடையிடையே வெற்றுத்தாள் வைத்துத் தைத்து எழுதினார்: நேரம் எங்கே எப்படிக் கழிந்தது என்று ஒரு பகுதி, வானிலைக்கு ஒன்று, விவசாயக் குறிப்புக்கு ஒன்று. அரசியல் தேடிப் போனால் ஏமாற்றம்தான். யார் எப்போது எங்கிருந்தார் என்று உறுதிசெய்ய அதைவிட நல்ல சான்று இல்லை. விடுதலைப் போர்க்காலத்தின் பெரும்பகுதிக்கு நாட்குறிப்பு கிடையாது. 1781இல் மறுபடி தொடங்கும்போது முதலிலிருந்தே எழுதாமல் போனோமே என்று வருந்துகிறார்.

அவர் தாள்களுக்கு நேர்ந்த கெடுதல் வேறு வகை. 1830களில் 12 தொகுதிகள் பதிப்பித்த ஜாரெட் ஸ்பார்க்ஸ், பெரியவர் மொழி கண்ணியமாக இருக்க வேண்டும் என்று திருத்தினார். 'கிழட்டுப் புட்' என்று செல்லமாக எழுதியதை 'தளபதி புட்னம்' ஆக்கினார். கையெழுத்துக் கேட்ட நண்பர்களுக்கு அசல் பக்கங்களையே துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார். பதிப்பாளர் கைக்கு வந்ததால் பிழைத்த ஆவணமும் உண்டு; கைக்கு வந்ததாலேயே சிதைந்ததும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பை மட்டும் வைத்துச் சொல்லாட்சி பற்றிப் பேசவே கூடாது.

அன்றன்றே எழுதியது என்றால் நம்பலாமா? பென்சில்வேனியாவின் வில்லியம் மக்லேயைப் பாருங்கள். 1789 முதல் 1791 வரை செனட்டர். அப்போது செனட்டும் கதவு சாத்திக்கொண்டுதான் கூடியது. குடியரசுத் தலைவரை எப்படி விளிப்பது என்று வாரக்கணக்கில் நடந்த வாதம் சூடு ஆறாமல் அவர் குறிப்பில் இருக்கிறது. ஆனால் செனட்டுக்குத் தலைமை தாங்கிய துணைக் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஆடம்ஸ் சிரித்தாலும் குற்றம், தும்மினாலும் குற்றம். நிகழ்ச்சிக்கு அவரை நம்பலாம். குணச்சித்திரத்துக்கு வேறு ஆளைக் கேட்க வேண்டும்.

ஜெஃபர்சனின் அரசியல் உரையாடல் குறிப்புகள் மறுபக்கம். 1790களில் அவ்வப்போது எழுதிய துண்டுகள்தான். 1818 பிப்ரவரியில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, தவறானவை, ஐயமுள்ளவை, தனிப்பட்டவை என்று தோன்றியதை நீக்கிவிட்டு ஒரு முன்னுரையும் எழுதினார். நீக்கியதாக அவரே ஒப்புக்கொள்வது நேர்மை. அதற்காக எஞ்சியது முழுமை ஆகிவிடாது. 1790இல் தன் வீட்டு விருந்தில் ஹாமில்டனும் மேடிசனும் தலைநகர் இடத்துக்கும் மாநிலக் கடனுக்கும் பேரம் முடித்ததாக அவர் சொல்லும் புகழ்பெற்ற சம்பவம் இந்த வகைப் பின்னோக்கிய எழுத்திலிருந்து வருவது. அதை எழுதுவதற்குள் ஹாமில்டன் அவருக்கு ஜென்ம விரோதி.

கடிதங்களில் வேறொரு சிக்கல்: கையில் இருப்பது அனுப்பிய கடிதமா, அனுப்பியவர் வைத்துக்கொண்ட நகலா? ஜெஃபர்சன் 1785 முதல் ஜேம்ஸ் வாட்டின் நகல் அச்சைப் பயன்படுத்தினார். தனி மையில் எழுதி, ஈரப்படுத்திய மெல்லிய தாளை மேலே வைத்து அழுத்த வேண்டும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதியும். தாள் மெல்லியது என்பதால் பின்புறத்திலிருந்து படிக்கலாம். மை காய்ந்து போனாலோ ஈரம் கூடினாலோ எழுத்து மங்கும், கசியும். இன்று பல நகல்கள் வெளுத்துக் கிடப்பதற்கு அதுதான் காரணம். 1804இல் இரட்டைப் பேனாக் கருவிக்கு மாறினார். ஒரு பேனாவைப் பிடித்து எழுத, மரச்சட்டத்தால் பிணைத்த இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அதையே எழுதும். சட்டம் அடிக்கடி சீர்கெடும்; செய்துகொடுத்த பீலுக்கு எழுதி எழுதிச் சரிசெய்தார். நகல் அச்சுத் தாளில் அனுப்புமுன் செய்த கடைசி நிமிடத் திருத்தம் இல்லாமல் போகலாம். பெற்றவர் வைத்திருந்த பிரதி கிடைத்தால் அதையும் பார்க்க வேண்டும்.

1752க்கு முந்தைய தேதியானால் நாள்காட்டியையும் கவனியுங்கள். அந்த ஆண்டு பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 11 நாள் கழிக்கப்பட்டது. அதுவரை மார்ச் 25இல்தான் ஆண்டு பிறக்கும். வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22.

இவற்றை எல்லாம் வீட்டிலிருந்தே பார்க்க 2013 முதல் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகமும் வெர்ஜீனியா பல்கலைக்கழக அச்சகமும் நடத்துகின்றன. தேடியவுடன் வரும் பத்தியைப் பிரதியெடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கீழே இறங்கி, ஆதாரக் குறிப்பைப் பாருங்கள்: அனுப்பிய பிரதியா, வரைவா, நகலா, எந்த நூலகத்தில் இருக்கிறது என்று அங்கே இருக்கும். சதுர அடைப்புக்குள் இருக்கும் தேதி பதிப்பாசிரியர் கணித்தது. ஜெஃபர்சன் 1783 முதல் சாகும்வரை வந்த கடிதம், போன கடிதம் இரண்டையும் தேதிவாரியாக ஒரு பட்டியலில் பதிந்தார். பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு கடிதத்தையும் அதோடு ஒத்துப் பார்த்து, பட்டியலில் இருந்து தாள் கிடைக்காதவற்றையும் அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறார்கள். அந்த அடிக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.